உப்பும் நிலக்கரியும்: போஸ்னியாவில் ஒரு கட்சியின் தடம் தேடி

மே 21, புதன். சாரயேவோ

டிராம் ஓடும் பிரதான சாலையிலிருந்து விலகி, அலி பாஷா மசூதியை ஒட்டி மேட்டில் ஏறிப் போகிறது அலிபாஷினா தெரு. அதில் 41ஆம் எண் கட்டடத்தைத் தேடித்தான் இன்று காலை நடந்தேன். போஸ்னியா ஹெர்செகோவினாவின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு அங்கேதான் தலைமை அலுவலகம். இங்கே யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. எஸ்.டி.பி. என்றால் போதும்.

எத்தனையோ கட்சிகள் இருக்க, இந்தக் கட்சி மீது மட்டும் ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், இந்த நாட்டில் அரசியல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். போஸ்னியாவுக்கு ஒரு குடியரசுத் தலைவர் கிடையாது, மூன்று பேர். ஒருவர் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒருவர் குரோவாசியர், ஒருவர் செர்பியர். 1992இல் தொடங்கிய போஸ்னியப் போரை 1995இல் நிறுத்திய டேட்டன் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக வந்த அரசியல் சாசனமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. மேலவையில் 15 இடம், இனத்துக்கு ஐந்து. பெரிய கட்சிகளும் அப்படியே: போஸ்னியாக்குகளுக்கு எஸ்.டி.ஏ., குரோவாசியர்களுக்கு எச்.டி.இசட்., செர்பியர்களுக்கு மிலோராத் டோடிக்கின் கட்சி. டோடிக்கின் கட்சிப் பெயரிலும் 'சமூக ஜனநாயகம்' உண்டு. ஆனால் அவர்களுடைய இனவாதப் பேச்சைப் பொறுக்க முடியாமல், உலக சோஷலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான சோஷலிஸ்ட் இன்டர்நேஷனலே அவர்களை வெளியேற்றிவிட்டது.

இதற்கு நடுவே, 'நீ எந்த இனம்' என்று கேட்காமல் வாக்குக் கேட்கும் கட்சிகளில் மூத்தது எஸ்.டி.பி. அது எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது, எங்கே வேர் பிடித்திருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

மதியம் மாரியின் த்வோர் பகுதிக்கு இறங்கி வந்தேன். இன்று நாடாளுமன்றம் இருக்கும் இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் பெரிய புகையிலைத் தொழிற்சாலை இருந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியில், 1880இல் தொடங்கியது. 1906 மே மாதம் அங்கே வேலை பார்த்தவர்கள்தான் முதலில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நெருப்பு அணையவில்லை. மோஸ்தார், ஸெனிட்சா, துஸ்லா என்று பரவி, போஸ்னியாவின் முதல் பொது வேலைநிறுத்தம் ஆனது. அந்தத் தொழிற்சங்கங்களிலிருந்துதான் 1909இல் போஸ்னிய சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தது. இன்றைய எஸ்.டி.பி. தன் வயதை அந்த 1909இலிருந்துதான் எண்ணுகிறது.

அந்தக் கணக்கு முழுக்கச் சரியா என்று கேட்டால் விவாதத்துக்கு இடம் உண்டு. பழைய கட்சி 1919இல் யுகோஸ்லாவிய கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு கலந்துவிட்டது. நடுவே அரை நூற்றாண்டு ஒரே கட்சி ஆட்சி. இன்றைய எஸ்.டி.பி.யின் நேரடித் தாய், அன்று போஸ்னியா அடங்கிய யுகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவின் கம்யூனிஸ்ட் லீக்தான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனாலும் அந்தப் புகையிலைத் தொழிலாளர்களைத் தன் முன்னோர் என்று ஒரு கட்சி சொல்லிக்கொள்ள விரும்புவது எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 22, வியாழன். சாரயேவோ

காலையில் மில்யாட்ஸ்கா ஆற்றங்கரை. வ்ர்பான்யா பாலம் என்று பழைய வரைபடங்களில் இருப்பதற்கு இன்று இரண்டு பெண்களின் பெயர்: சுவாதா, ஓல்கா. 1992 ஏப்ரல் 5ஆம் தேதி அமைதி ஊர்வலத்தில் வந்த இருவரும் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் மருத்துவ மாணவி, முஸ்லிம் பெயர். இன்னொருவர் குரோவாசியக் குடும்பம். அன்றைய ஊர்வலத்தில் டிட்டோவின் படங்களைத் தூக்கிப் பிடித்தபடி பலர் வந்தார்கள். செத்துப்போன தலைவர் மேல் பாசம் என்பதைவிட, எங்களைப் பிரிக்காதீர்கள் என்று சொல்ல அவர்கள் கையில் அகப்பட்டது அந்தப் படம்தான்.

ஆனால் அந்தக் குரல் வாக்குச்சீட்டில் ஏற்கெனவே தோற்றிருந்தது. 1990 நவம்பரில் நடந்த முதல் பலகட்சித் தேர்தலில் மொத்தம் 240 இடம். எஸ்.டி.ஏ. 86, செர்பியர்களின் எஸ்.டி.எஸ். 72, எச்.டி.இசட். 44. மூன்று இனக் கட்சிகளும் சேர்ந்து 202 இடங்களை அள்ளிக்கொண்டன. நேற்றுவரை ஆண்ட கம்யூனிஸ்டுகள், பெயரோடு 'சமூக ஜனநாயகம்' என்று ஒட்டிக்கொண்டும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். யுகோஸ்லாவியப் பிரதமர் ஆன்டே மார்கோவிச் தொடங்கிய சீர்திருத்தக் கட்சிக்கும் அதே கதி.

ஏன் மக்கள் அப்படி வாக்களித்தார்கள்? பலர் விரும்பி வாக்களிக்கவில்லை, பயந்து வாக்களித்தார்கள் என்பதே என் கணிப்பு. பக்கத்து வீட்டுக்காரன் தன் இனக் கட்சிக்குப் போடுவான் என்ற சந்தேகம் வந்துவிட்டால், நானும் என் பாதுகாப்புக்கு என் ஆட்களுக்கே போடுவேன். அந்தச் சந்தேகத்தை மூட்டிவிட்டதுதான் மூன்று கட்சிகளின் கூட்டு வெற்றி.

செர்பியப் படைகளின் முற்றுகைக்குள் அடைபட்ட இதே நகரத்தில், 1992 டிசம்பர் 27 அன்று, நீயாஸ் துராகோவிச் தலைமையில் எஸ்.டி.பி. இன்றைய பெயரில் மாநாடு கூடிப் பிறந்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, மலைமேலிருந்து குண்டு விழுகிறது. அந்தக் குளிரில் உட்கார்ந்து ஒரு கட்சி தன் அமைப்பு விதிகளைப் பேசியது. எத்தனை முறை நினைத்தாலும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

மாலை பாஷ்சார்ஷியாவில் ஸெல்யானிட்சா சாப்பிட்டேன். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டிச் சுடுவது. கூட ஒரு கோப்பை தயிர். நாளைக்கு துஸ்லா.

மே 23, வெள்ளி. துஸ்லா

ஒலோவோ, க்லாதன் வழியாக மலைப்பாதையில் சுமார் 120 கிலோமீட்டர். பஸ் மூன்று மணி நேரம் எடுத்தது. காடும் வளைவும் தவிர வழியில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர் நெருங்கும்போது அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் தெரிந்தன.

துஸ்லா உப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பூமிக்கடியில் உப்புப் பாறை, சுற்றிலும் நிலக்கரி. ஆழத்திலிருந்து உப்புநீரை உறிஞ்சி எடுத்து எடுத்து, மேலே நகரமே கீழே இறங்கியது. சில இடங்களில் பத்து மீட்டர்வரை தரை தாழ்ந்திருக்கிறது. பழைய ஊரின் பெரும்பகுதியை இடிக்க வேண்டி வந்தது. தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா சன்னலைத் திறந்து காட்டினார். எதிரே புல்வெளி. "நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது அங்கே ஒரு தெரு இருந்தது" என்றார்.

அப்படித் தாழ்ந்த பகுதியில்தான் இப்போது பன்னோனிய ஏரிகள் இருக்கின்றன. ஊர் நடுவே உப்புநீர்க் குளங்கள், கரையில் கூழாங்கல் பரப்பி, கடற்கரை மாதிரி. 2003இல் திறந்தார்கள். அப்போதைய மேயர் யாஸ்மின் இமாமோவிச் இதைப் பிடிவாதமாக நின்று கட்டினார். அவர் எஸ்.டி.பி.காரர். இருபது ஆண்டுக்கு மேல் மேயராக இருந்தவர், எழுத்தாளரும்கூட. கோடைக் கூட்டம் இன்னும் வரவில்லை. கரையோரம் நடந்து குனிந்து தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல கரிப்பு. கடல் எங்கோ இருக்க, சுற்றி மலை சூழ்ந்த ஊரில் அந்த ருசி விசித்திரமாக இருந்தது.

ஊர்க் கடைத்தெருவில், இங்கே கோர்ஸோ என்கிறார்கள், வெண்கலத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். துஸ்லாவில் பிறந்த நாவலாசிரியர் மெஷா செலிமோவிச், ஓவியர் இஸ்மெத் முயெஸினோவிச். பிள்ளைகள் அவர்கள் கையைப் பிடித்துத் தொங்குகிறார்கள், யாரும் தடுப்பதில்லை.

மே 24, சனி. ஹூசினோ, க்ரேகா

எஸ்.டி.பி.யைப் புரிந்துகொள்ள அலிபாஷினா தெருவைவிட ஹூசினோவுக்கு வரவேண்டும். துஸ்லாவுக்குத் தெற்கே, மேட்டில் இருக்கும் சுரங்கத் தொழிலாளர் கிராமம். 1920 டிசம்பரில் க்ரேகா சுரங்கங்களில் வேலைநிறுத்தம். அரசு ஆள்படையை அனுப்பி, தொழிலாளர் குடும்பங்களைக் குடியிருப்புகளிலிருந்து விரட்டத் தொடங்கியது. வெளியூரிலிருந்து, ஸ்லோவீனியாவிலிருந்துகூட வந்து வேலை பார்த்த சுரங்கக்காரர்கள் இருந்தார்கள். அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டது ஹூசினோ. டிசம்பர் 21இலிருந்து ஒரு வாரம் ஆயுதமேந்திய எதிர்ப்பு. முடிவில் ஊர் அடித்து நொறுக்கப்பட்டது. யூரே கெரோஷெவிச் என்ற சுரங்கத் தொழிலாளிக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். நாடு முழுக்க எழுந்த கண்டனத்தில் அது சிறைத் தண்டனையாகக் குறைந்தது.

ஹூசினோ பெரும்பாலும் கத்தோலிக்கக் குரோவாசியர் வாழும் ஊர். ஆனால் அந்தக் கலகத்தைக் குரோவாசியர் கலகம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. சுரங்கக்காரர்களின் கலகம், அவ்வளவுதான். துப்பாக்கி ஏந்திய சுரங்கத் தொழிலாளியின் சிலை இந்த ஊரின் அடையாளம். துஸ்லாவில் இனம் பார்க்காத அரசியலுக்கு வேர் எங்கே என்று கேட்டால் இங்கேதான் என்பேன். பூமிக்கடியில் முந்நூறு மீட்டரில் மேற்கூரை இறங்கும்போது, பக்கத்தில் இருப்பவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்பது யாருக்கும் தோன்றாது.

க்ரேகாவில் டீக்கடை மாதிரி ஒரு சின்ன கஃபானா. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர், வீட்டுக்கார அம்மாவின் உறவினர், எனக்காகக் காத்திருந்தார். செம்புக் கூஜாவில் காபி வந்தது. அவர் சர்க்கரைக் கட்டியைக் காபியில் போடவில்லை. ஒரு மூலையை மட்டும் நனைத்து, கடித்து, அதன்மேல் ஒரு வாய் காபி குடித்தார். பேச்சு முழுக்க அப்படியே. ஒரு கடி, ஒரு வாய், ஒரு வாக்கியம்.

தோப்ர்ன்யா பற்றித்தான் முதலில் சொன்னார். 1990 ஆகஸ்ட் 26, க்ரேகாவைச் சேர்ந்த தோப்ர்ன்யா சுரங்கத்தில் வெடிவிபத்து. 180 பேர் ஒரே நாளில் போனார்கள். எல்லா இனத்தாரும் அதில் உண்டு. தேர்தல் அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் வந்தது. நாடு முழுக்க இனக் கட்சிகள் வென்றபோது துஸ்லா வேறு மாதிரி வாக்களித்தது. மார்கோவிச்சின் சீர்திருத்தக் கட்சியும் முன்னாள் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள், செலிம் பெஷ்லாகிச் மேயர் ஆனார். விபத்துக்கும் வாக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று பெரியவர் அடித்துச் சொன்னார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 1991 கணக்கெடுப்பில் துஸ்லாவின் சுமார் 1,31,000 பேரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இனம் என்ற இடத்தில் 'யுகோஸ்லாவியர்' என்றே எழுதியிருந்தார். கலப்புக் குடும்பங்கள், தொழிற்சாலை நட்பு, சங்கம் எல்லாம் சேர்ந்து உருவான மனநிலை அது.

இன்னொன்றும் சொன்னார். 1984-85இல் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்கள் தாட்சரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, இங்கே சம்பளத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து அவர்களுக்கு அனுப்பினார்களாம். அதை அவர்கள் மறக்கவில்லை. 1993இல் துஸ்லா பட்டினி கிடந்தபோது, பிரிட்டனில் தொழிற்சங்கத்துக்காரர்களும் சாதாரண ஆட்களும் லாரிகளில் உணவு ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து இந்த ஊருக்கே வந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

துஸ்லாவைக் குறையே இல்லாத ஊராகக் காட்டவும் விருப்பமில்லை. 1992 மே 15 அன்று ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த யுகோஸ்லாவிய ராணுவ வாகன வரிசை மீது ப்ர்சான்ஸ்கா மால்டா சந்திப்பில் சுட்டார்கள், பலர் இறந்தார்கள். யார் முதலில் சுட்டார் என்பதில் இன்றும் சண்டை. செர்பியர்களில் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். ஆனால் போர் முழுவதும் நகராட்சி இனக் கட்சிகளின் கைக்குப் போகவே இல்லை. செர்பியரும் குரோவாசியரும் பதவிகளில் இருந்தார்கள். அந்தக் காலத்து போஸ்னியாவில் இது சாதாரண விஷயம் இல்லை.

மே 25, ஞாயிறு. கபியா

இன்றைக்கு முப்பது ஆண்டு. 1995 மே 25. டிட்டோவின் பிறந்தநாளாக, இளைஞர் தினமாக யுகோஸ்லாவியா கொண்டாடிவந்த தேதி. பகலெல்லாம் மழை பெய்து மாலை வெறித்த நல்ல வசந்தகாலம் என்று நினைவுகூர்கிறார்கள். கபியா என்ற சின்ன சதுக்கத்தில் காபிக்கடைகள் முன்னால் இளவட்டங்கள் கூடியிருந்தார்கள். இரவு 8.55. ஓஸ்ரென் மலையில் செர்பிய ராணுவ நிலையிலிருந்து வந்த ஒரே ஒரு பீரங்கி குண்டு. 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். குழந்தை ஒன்றும்.

பகலில் ஸ்லானா பான்யா குன்றுக்குப் போனேன். இறந்தவர்களில் பெரும்பாலானோரை அங்கே ஒரே வரிசையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். கூட்டம் கூடினால் மறுபடி குண்டு விழும் என்று அஞ்சி, விடிவதற்குள் புதைத்து முடித்தார்களாம். கத்தோலிக்கருக்குத் தனி, முஸ்லிமுக்குத் தனி, ஆர்த்தடாக்ஸுக்குத் தனி என்று பிரித்திருக்கலாம். மதத் தரப்பிலிருந்து அந்த வற்புறுத்தலும் இருந்தது. சேர்ந்து செத்த பிள்ளைகள் சேர்ந்தே இருக்கட்டும் என்று பெற்றோர்கள் சொன்னார்கள், பெஷ்லாகிச்சின் நகராட்சி அவர்கள் பக்கம் நின்றது. கல்லறைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். பிறந்த ஆண்டு மட்டும்தான் மாறுகிறது: 1971, 1974, 1976. இறந்த தேதி கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஒரு கட்சியின் கொள்கை அறிக்கையை எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். இந்த வரிசையைவிடத் தெளிவாக எழுத முடியாது என்று எனக்குப் படுகிறது.

இரவு கபியாவில் நிற்க இடமில்லை. முப்பது ஆண்டு கழித்தும் 8.55க்கு வருகிறார்கள், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். மேயரும் இருந்தார், எஸ்.டி.பி.தான். போருக்குப் பின்னும் துஸ்லா மேயர் பதவி இனக் கட்சிகளின் கைக்குப் போனதில்லை. பெஷ்லாகிச்சின் கட்சி 1999இல் எஸ்.டி.பி.யோடு இணைந்தது, அதிலிருந்து துஸ்லா எஸ்.டி.பி.யின் கோட்டை.

மே 26, திங்கள். துஸ்லா

இன்று எழுத வேண்டியது கசப்பான பகுதி.

துஸ்லா இணைந்த பிறகு எஸ்.டி.பி. வேகமாக வளர்ந்தது. 2000 தேர்தலுக்குப் பின் பத்துக் கட்சிகள் சேர்ந்த 'மாற்றத்துக்கான கூட்டணி' ஆட்சிக்கு வந்தது. எஸ்.டி.பி. தலைவர் ஸ்லாட்கோ லகும்ஜியா 2001இல் நாட்டின் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தார். போருக்குப் பின் முதல்முறையாக இனக் கட்சிகள் ஓரம்கட்டப்பட்டன. பத்துக் கட்சியையும் கட்டி இழுத்து ஒரு வேலையும் முடிக்க முடியாமல், 2002இல் மறுபடி தோல்வி.

2010இல் இரண்டாவது வாய்ப்பு வந்தது. நாட்டின் இரண்டு பகுதிகளில் ஒன்று பெடரேஷன், போஸ்னியாக்குகளும் குரோவாசியர்களும் பெரும்பான்மையாக வாழ்வது. அதன் சட்டமன்றத்தின் 98 இடங்களில் 28, முதல் கட்சி. பெடரேஷன் பிரதமராக நெர்மின் நிக்ஷிச். பெடரேஷனுக்குள் அடங்கிய துஸ்லா மாகாணத்திலும் எஸ்.டி.பி. ஆட்சி. அப்புறம் நான்கு ஆண்டு என்ன நடந்தது என்பதைப் பார்க்கத்தான் இன்று மாகாண அரசுக் கட்டடத்தின் பக்கம் போனேன்.

யுகோஸ்லாவியக் காலத்தில் துஸ்லா ரசாயனத் தொழிலின் தலைநகரம். உப்பு இருந்தால் குளோரின் இருக்கும், சோடா இருக்கும், சோப்புத்தூள் இருக்கும். போருக்குப் பின் ஆலைகளைத் தனியாருக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் ஆலையை ஓட்டுவதற்கு வாங்கவில்லை. இருந்ததை அடமானம் வைத்தார்கள், கடனில் மூழ்கடித்தார்கள், இயந்திரங்களை நிறுத்தினார்கள். தீத்தா என்ற சோப்புத்தூள் ஆலை, போலிஹெம் என்ற ரசாயன ஆலை, கொன்யூஹ் என்ற மரச்சாமான் ஆலை, எல்லாவற்றிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் சம்பளம் இல்லை. ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் நிறுவனம் பணம் கட்டாததால் வேலையை விட்டு ஓய்வு பெறவும் வழியில்லை. வாரம் தவறாமல் மாகாண அரசு வாசலில் நின்று மனுக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது தொழிலாளர் கட்சியின் ஆட்சி. யாரும் வெளியே வந்து பேசவில்லை.

2014 பிப்ரவரி 5 அன்று அவர்கள் வந்தபோது ஊரே பின்னால் வந்தது. 7ஆம் தேதி கட்டடம் எரிந்தது. எஸ்.டி.பி.யைச் சேர்ந்த மாகாணப் பிரதமர் சியாத் சௌஷெவிச் அன்றே பதவி விலகினார். நெருப்பு சாரயேவோ, ஸெனிட்சா, மோஸ்தார் என்று பரவியது. 1906இல் அங்கிருந்து இங்கே வந்தது இம்முறை இங்கிருந்து அங்கே போனது. எரிந்த சுவரில் யாரோ எழுதினார்கள்: 'இனவாதத்துக்குச் சாவு'. வேறு ஊர்களில் இன்னொரு பதாகை: 'மூன்று மொழியிலும் எங்களுக்குப் பசிக்கிறது'.

எஸ்.டி.பி. நூறு ஆண்டாகச் சொல்லிவந்ததைத்தான் அந்தச் சுவர் சொல்கிறது. எழுதியவர்களோ அந்தக் கட்சி ஆண்ட அரசுக் கட்டடத்துக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தவர்கள். எஸ்.டி.பி. தோற்றதற்கு இனவாதிகளைக் காரணம் சொல்வது சுலபம், பாதி உண்மையும்கூட. ஆனால் கட்சியை உண்மையில் வீழ்த்தியது தன் சொந்த ஆட்களின் சம்பளப் பாக்கியைப் பற்றி அது வாய் திறக்காததுதான். இனம் பார்க்காத அரசியல் என்பது வயிற்றைப் பார்க்கும் அரசியலாக இருந்தால்தான் நிற்கும். அது இல்லையென்றால் மனிதன் திரும்பத் தன் இனத்திடமே போய்விடுவான், அங்கேயாவது வேலைக்கு ஒரு சிபாரிசு கிடைக்கும்.

கலவரத்துக்குப் பிறகு ஊர்மக்கள் 'ப்ளேனும்' என்ற பொதுக்கூட்டங்களில் கூடினார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், தலைவர் கிடையாது, ஒருவருக்கு ஓரிரு நிமிடம். பதவி முடிந்த பிறகும் அரசியல்வாதிகளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இங்கே இருந்தது, 'வெள்ளை ரொட்டி' என்பார்கள். அதை ஒழிக்க வேண்டும் என்று ப்ளேனும் கேட்டது, மாகாண அவை ஒழித்தது. பல கோரிக்கைகள் கரைந்துபோனாலும் இது ஒன்று நடந்தது. அக்டோபர் தேர்தலில் எஸ்.டி.பி. 28இலிருந்து 12க்கு இறங்கியது. லகும்ஜியா விலகினார்.

தீத்தா கதைக்கு வேறொரு முடிவு கிடைத்தது. பூட்டிக்கிடந்த ஆலைக்குத் தொழிலாளர்கள் காவல் காத்தார்கள், இயந்திரங்களைக் கழற்றி விற்கவிடவில்லை. 2015இல் தாங்களே உற்பத்தியைத் தொடங்கினார்கள். உள்ளூர்க் கடைகளில் தீத்தா பொருள் கேட்டு வாங்கி ஊரே ஆதரித்தது. 2017இல் துஸ்லாவின் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான பிங்கோ ஆலையை வாங்கியது. மாலையில் ஒரு பிங்கோ கடைக்குள் போய் அலமாரியில் தேடினேன். பாத்திரம் துலக்கும் 'ட்ரி டே' வரிசையாக இருந்தது. ஒரு பாட்டில் வாங்கி வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். "இதைத்தான் எப்போதும் வாங்குகிறேன்" என்று அடுப்படியில் இருந்த பாதி பாட்டிலைக் காட்டினார். அவருடைய அக்கா அந்த ஆலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவராம்.

மே 27, செவ்வாய். துஸ்லா

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. அரசியல் சாசனம்.

டெர்வோ செஜ்திச் ரோமா இனத்தவர். யாகோப் ஃபின்சி யூதர். இருவரும் இந்த நாட்டுக் குடிமக்கள், ஆனால் மூன்று இனத்திலும் சேராததால் குடியரசுத் தலைமைக்குப் போட்டியிட முடியாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பர் 22 அன்று இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. தன்னை எந்த இனத்தோடும் சேர்க்காமல் குடிமகள் என்று மட்டும் சொல்ல விரும்பிய அஸ்ரா ஸோர்னிச்சுக்கும் 2014இல் அதே தீர்ப்பு. சாசனம் இன்றுவரை திருத்தப்படவில்லை.

எஸ்.டி.பி. போன்ற கட்சிக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2006இல் அது ஜெல்கோ கோம்ஷிச்சை, போரில் பதக்கம் வாங்கிய சாரயேவோக்காரரை, குரோவாசிய இடத்துக்கு நிறுத்தி வென்றது. 2010இல் மறுபடி வென்றார். குரோவாசியக் கட்சிகள் கொதித்தன: எங்கள் இடத்துக்குப் போஸ்னியாக் வாக்கால் ஆளைத் தேர்ந்தெடுக்கிறீர்களே என்று. அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இடம் இனத்துக்கு என்று எழுதிவைத்துவிட்டு வாக்கை எல்லோருக்கும் திறந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். தவறு சாசனத்தில் இருக்கிறது, வாக்காளரிடம் இல்லை. 2012இல் லகும்ஜியா எச்.டி.இசட்.டோடு இதுபற்றி ஓர் உடன்பாடு போட்டார். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை நாடாளுமன்றத்துக்கு மாற்றும் உடன்பாடு. கோம்ஷிச் கட்சியைவிட்டே வெளியேறினார், அடுத்த ஆண்டு தனிக்கட்சி கண்டார். எஸ்.டி.பி. அன்று இரண்டாக உடைந்ததன் வலி 2014 தோல்வியிலும் இருக்கிறது.

2022இல் கட்சி எழுந்து நின்றது. துஸ்லாவில் வாழும் வரலாற்றாசிரியர் டெனிஸ் பெச்சிரோவிச், எதிர்க்கட்சிகள் பலவற்றின் ஆதரவோடு போஸ்னியாக் இடத்துக்குப் போட்டியிட்டு, எஸ்.டி.ஏ. தலைவர் பாகிர் இஸெத்பெகோவிச்சைச் சுமார் 57க்கு 37 சதவீதம் என்று தோற்கடித்தார். நாட்டின் முதல் தலைவரின் மகன் பாகிர். அடுத்த ஆண்டு ஏப்ரலில், டேட்டன் ஒப்பந்தம் நிறைவேறுவதைக் கண்காணிக்க வெளிநாடுகள் நியமித்த சர்வதேச உயர் பிரதிநிதி கிறிஸ்டியான் ஷ்மிட் பெடரேஷன் சாசனத்தையே ஒரு நாள் நிறுத்திவைத்து வழிசெய்ய, நிக்ஷிச் மறுபடி பெடரேஷன் பிரதமர் ஆனார். கூட்டாளி யார்? எச்.டி.இசட்.

காலையில் க்ரேகா பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன். கஃபானாவில் இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கூட்டணியை அடியோடு வெறுத்தார். வெளிநாட்டு அதிகாரி ஒரே நாளில் சாசனத்தை மடித்துவைத்து உண்டாக்கிய ஆட்சியில் ஒரு சமூக ஜனநாயகவாதி எப்படி உட்காரலாம் என்றார். இன்னொருவர், எஸ்.டி.ஏ. முப்பது ஆண்டு ஆண்டது போதும், யாரோடு சேர்ந்தாவது அவர்களை இறக்கியது சரி என்றார். எனக்கு முதலாமவர் வாதமே வலுவாகத் தெரிகிறது. பெரியவர் இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஸெனிட்சா சுரங்கத்தைப் பற்றிப் பேசினார். சம்பளம் கேட்டு அங்கே தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கியது நிக்ஷிச்சின் இந்த ஆட்சியில்தான். 2014க்குப் பிறகும் கற்றுக்கொள்ளாவிட்டால் எப்போது என்று கேட்டார்.

அப்படியென்றால் 2026 அக்டோபரில் யாருக்குப் போடுவீர்கள் என்றேன். சர்க்கரைக் கட்டியை நனைத்தார்.

"எஸ்.டி.பி.க்குத்தான். தோப்ர்ன்யாவில் என்னோடு வேலை பார்த்த செர்பியர் ஸ்டெவோவின் மகனும் அதற்குத்தான் போடுவான், குரோவாசியர் அந்தோவின் மகளும் அதற்குத்தான். மற்ற கட்சிகளுக்குப் போட்டால் நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. ஆனால் தம்பி, இந்த முறை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டேன். மறுநாளே மாகாண அரசு வாசலில் போய் நிற்பேன்."